புதுப்பிப்பு: ராய்கர்–புகளூர் மின்பாதை, கேரளக் கேபிளும் இழப்பீட்டுக் கணக்கும்

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் உயர் அழுத்த மின்பாதையை எதிர்த்து நடந்த 2018-19 போராட்டத்தை முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன்: அன்றைய அ.தி.மு.க. அரசு திட்டத்தின் பக்கம், தி.மு.க.வும் இடதுசாரிகளும் கொங்கு விவசாயிகள் பக்கம். "கேரளாவில் மட்டும் மின்கம்பியை எப்படி நிலத்தடியில் புதைத்தார்கள்?" என்று பலர் கேட்டீர்கள். புகளூர்–திருச்சூர் பாதை 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட். அதில் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிள். ராய்கர் பாதையோ 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட். ஆக, அந்த ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. ஆனால் இழப்பீட்டுக் கோபம் முற்றிலும் நியாயம்.

மத்திய மின்துறையின் 2015 இழப்பீட்டு வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15. ஜூன் 2024-இல் அது முறையே 200, 30 சதவீதம் ஆனது. மாநில அரசு ஏற்று ஆணையிட்டால்தான் கைக்கு வரும்.

அளக்கும்போது ஏமாறாதீர்கள். கோபுரத்தின் நான்கு கால்களுக்கு வெளியே பக்கத்துக்கு 1 மீட்டர் சேர்க்க வேண்டும். 15 மீட்டர் சதுரம் 17 ஆகும். ஐந்தரை சென்ட் ஏழு சென்ட்டைத் தாண்டும். வெட்டும் தென்னைக்கும் பயிருக்கும் தனிக் கணக்கு. வெட்டும் முன்பே மரங்களை எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். தொகை போதாதென்றால், மின்பாதைகளுக்கும் பொருந்தும் 1885 தந்திச் சட்டத்தின் 16(3) பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் மனு. ஆட்சியர் பாதைக்கு அனுமதி தந்துவிட்டாலும் இந்த வழி அடைபடாது.