கலங்கல் தண்ணியில விராலுக்கு பாப்பர் (மேல மிதக்குற போலி இரை): அடிக்குது, முள் ஏறல. உதவுங்க

கொள்ளிடத்துல செம்மண் கலங்கல், ஒரு சாண் ஆழம்கூடத் தெரியல. 8 வெயிட் (லைன் கன எண்) ஃப்ளை ராட், மிதக்கும் லைன், 7 அடி லீடர் (லைனையும் இரையையும் இணைக்கிற நரம்பு), அதோட நுனி 20 பவுண்ட் தாங்கும். 1/0 அளவு முள்ளுல கறுப்பு ஃபோம் பாப்பர். கீழிருந்து பாக்குற மீனுக்கு வானத்து வெளிச்சத்துல கறுப்புதான் எடுப்பாத் தெரியும். கோரை ஓரமாப் போட்டு, அலை வளையம் அடங்கினதும் ஒரு இழுப்பு, 5 விநாடி நிறுத்தம்.

விரால் அடிக்குது, பாதிக்கு மேல வெறும் தண்ணிதான் தெறிக்குது. ராடைத் தூக்கல, லைனைக் கையால இழுத்துத்தான் முள் ஏத்துறோம். கலங்கல்ல கண்ணைவிட அதிர்வை நம்பித்தான் அது வருது. அப்போ நிறுத்தத்தை நீட்டணுமா, இல்ல நிறுத்தாம ஒரே சீரா மெதுவா இழுக்கணுமா?

இன்னொரு சந்தேகம், களைத் தடுப்பு நரம்பு (முள் கோரையில சிக்காம இருக்க முனைக்கு முன்னாடி கட்டுறது). 0.5 மி.மீ. போட்டிருக்கு, விறைப்பா நின்னு முள்முனையை மறைக்குதோ? மெல்லிசாக்கினா கோரையில சிக்கும். என்ன கனம் போடுறீங்க, எத்தனை டிகிரி வளைக்கிறீங்க?

குஞ்சு காக்கிற ஜோடி விராலைத் தொடுறதில்லை, அதுக்கு வழி சொல்ல வேண்டாம்.