‘கிரீட்’ படத்தைக் குதறியது ஜூன் மேத்திஸ்தானா?

மௌனப்பட ராகு:
திரைக்கதாசிரியர் ஜூன் மேத்திஸைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் 1921-லேயே நின்றுவிடுகிறார்கள். மெட்ரோ கம்பெனியில் ‘ஃபோர் ஹார்ஸ்மென்’ படத்துக்குத் திரைக்கதை எழுதினார், இயக்குநர் ரெக்ஸ் இங்ராமையும் நடிகர் வாலண்டினோவையும் பிடிவாதமாக உள்ளே கொண்டுவந்தார். சரி. 1924-ல் வெளிவந்த ‘கிரீட்’? அதை எடுத்த கோல்ட்வின் கம்பெனியின் கதை இலாகா அவர் கையில்தான் இருந்தது. இயக்குநர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் கொடுத்த 42 ரீல், 10 ரீலாக வெளிவந்தது. திரைக்கதை டைட்டிலில் மேத்திஸ் பெயரும் இருக்கிறது. ஸ்ட்ரோஹைமே அவரைத்தான் குற்றம் சொன்னார். வேறென்ன சாட்சி வேண்டும்?

பழைய புரொஜெக்டர்:
முதலில் கணக்கு. ஒரு ரீல் 1,000 அடி, அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 20 ஃபிரேம் ஓட்டினால் ஒரு ரீல் சுமார் 13 நிமிடம். 42 ரீல் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். எந்தத் தியேட்டர் ஓட்டும்? ஸ்ட்ரோஹைமே 24-க்கு இறக்கினார். பிறகு நண்பர் இங்ராமிடம் கொடுத்தார். இங்ராமின் எடிட்டர் கிராண்ட் வைட்டாக் 18 ஆக்கினார். ஆக, 42-ல் 24 ரீல் போனது ஸ்ட்ரோஹைம் தரப்பிலேயே. சண்டை மிச்ச 8 ரீலுக்குத்தான்!

டைட்டிலில் பெயர் வந்ததற்குக் காரணம் ஒப்பந்தம், கத்திரி அல்ல. எடிட்டராகப் பெயர் வாங்கியவர் ஜோசப் ஃபார்ன்ஹாம். 1924 ஏப்ரலில் மெட்ரோ, கோல்ட்வின், மேயர் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து எம்.ஜி.எம். ஆனபோது மேத்திஸ் ‘பென்-ஹர்’ படவேலையாக ரோமில் இருந்தார். 18 ரீல் 10 ஆனது அதற்குப் பிறகுதான்.

மௌனப்பட ராகு:
அந்த 8 ரீலில்தான் உயிர் இருந்தது. தங்கத்தட்டு கனவில் பைத்தியமாகும் பழைய சாமான் வியாபாரி ஸெர்கோவ், மரியா. சுவரின் இரு பக்கமும் குடியிருந்துகொண்டு பேசத் தயங்கும் கிழவர் கிரானிஸ், மிஸ் பேக்கர். இந்த இரண்டு ஜோடியும் இல்லாமல் நாயகி டிரீனா காசை மெத்தையில் கொட்டிப் படுப்பது அவள் ஒருத்தியின் கிறுக்காகத் தெரிகிறது.

கத்திரி:
அது 8 ரீலில்தான் போனது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? 18 ரீல் பிரதி இன்று கிடையாது. கையில் இருப்பது ஸ்ட்ரோஹைமின் ஸ்கிரிப்டும் ஸ்டில்களும். 1999-ல் ரிக் ஷ்மிட்லின் அவற்றை வைத்துத்தான் சுமார் நான்கு மணி நேரத்துக்கு நீட்டினார். அதைப் பார்த்தால் எது இல்லை என்று தெரியும். யார் கைவேலை என்று தெரியாது.

மேத்திஸ் மேல் எனக்கு வேறு குறை. முழு ஸ்கிரிப்டும் தயாரான பிறகே கேமராவைத் திருப்ப வேண்டும் என்ற அவர் முறை, இங்ராம் மாதிரி ஒத்துப்போகிற இயக்குநரிடம் பலித்தது. ரோமில் பலிக்கவில்லை. வேலைநிறுத்தம், செலவு, தாமதம். புது நிர்வாகம் இயக்குநர் பிராபினையும் நாயகன் வால்ஷையும் நீக்கியபோது அவரையும் நீக்கியது.

மௌனப்பட ராகு:
அப்படியானால் கதை இலாகாத் தலைவர் 1923-லேயே ஸ்ட்ரோஹைமின் ஸ்கிரிப்டை எடைபோட்டிருக்க வேண்டாமா? படத்துக்கு மூலமான நாவலின் ஒரு வரியும் விடாமல் எடுக்கப்போகிறார் என்பது தடிமனிலேயே தெரியுமே.

பழைய புரொஜெக்டர்:
அது நியாயமான கேள்வி. ஆனால் தலைப்பில் நீங்கள் போட்ட சொல் ‘குதறியது’.