ஹப் மோட்டார் சைக்கிளுக்கு பிரேக்: பெங்களூரு நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். ஸ்டீல் பிரேம் சைக்கிள் ஒன்றில் 48 வோல்ட், 500 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) பின்சக்கரத்தில் ஏறுகிறது. 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வேகம் என்ற வரம்பைத் தாண்டுவதால் பதிவில்லாமல் ரோட்டில் இறக்க முடியாது; தனியார் வளாகத்துக்குள் மட்டும்தான் ஓடும்.

கவலை பிரேக்கைப் பற்றித்தான். 45 கி.மீ. வேகத்தில் நிறுத்த, 25-இல் தேவைப்படுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆற்றலை பிரேக் தாங்க வேண்டும். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால் முன்சக்கரத்துக்கு 180 மி.மீ. ரோட்டரும் (பிரேக் தட்டு) அதைக் கவ்விப் பிடிக்கும் ஹைட்ராலிக் காலிப்பரும் முடிவாகிவிட்டது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் எந்த அளவு ரோட்டர் வரை தாங்கும் என்று பார்த்தே வாங்கணும். இதில் சமரசமே கூடாது.

மூன்று விஷயங்களில் வழி சொல்லுங்கள். பின்னால் மோட்டார் மூடி காலிப்பரில் உரசுகிறது. ரோட்டருக்கு அடியில் ஸ்பேசர் போதுமா, மெலிந்த காலிப்பர் வேணுமா? ஹைட்ராலிக் லீவரில், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் இல்லை. அதற்குப் பதிலாக ஒட்டுகிற காந்த சென்சார் மழையைத் தாங்குமா? ரீஜென் பிரேக்கில் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவது) அச்சு இரு பக்கமும் முறுக்கப்பட்டு நட்டு தளரும், அச்சு உட்காரும் பிரேம் பள்ளமான டிராப்-அவுட் விரியும். அதற்கு 6 மி.மீ. ஸ்டீலில் இரண்டே இரண்டு டார்க் ஆர்ம் (அச்சு சுழலாமல் பிரேமோடு பிடித்து வைக்கும் தகடு) வெட்டித்தர பீன்யா தொழிற்பேட்டையில் யாராவது இருக்கிறார்களா? அச்சின் தட்டைப் பகுதி 10 மி.மீ.