சோலோ வாசிக்கும்போது கூடவே பாடுவது: பயிற்சியா, பழக்கதோஷமா?

கட்டைவிரல்: ஜாஸ் கிடாரில் சோலோ வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்தையும் கூடவே பாடு என்கிறார் என் வாத்தியார். ஆறு மாதமாகச் செய்கிறேன். நேற்று எஃப் சுருதியில் ப்ளூஸ் வடிவப் பாட்டு ஒன்றைப் போனில் பதிவு செய்து கேட்டால், கிடார் பரவாயில்லை, அதற்கு மேல் யாரோ பல்வலியில் முனகுவது போல ஒரு சத்தம். நான்தான். இதில் நிஜமாகவே பயன் உண்டா, இல்லை ஜாஸ் கிடார்காரர் ஜார்ஜ் பென்சன் செய்தார் என்று எல்லோரும் செய்கிறோமா?

ஆறாம்_தந்தி: பயன் மூச்சில் இருக்கிறது. சாக்ஸபோன்காரருக்கு மூச்சு தீர்ந்தால் வாசிக்கும் வரியும், அதாவது சுரத்தொடரும், நின்றாக வேண்டும். கிடாருக்கு அந்தக் கட்டாயமே இல்லை, அதனால்தான் நாம் பாட்டுக்கு இடைவெளி விடாமல் பொழிந்துகொண்டே இருக்கிறோம். பாடினால் எங்கேயாவது மூச்சு வாங்கியே தீர வேண்டும். முனகலை விடுங்கள், உங்கள் வரிகள் எங்கே நிற்கின்றன என்று மறுபடி கேட்டுப் பாருங்கள்.

வால்வு_ஆம்ப்: பென்சன் சின்ன வயதிலேயே பிட்ஸ்பர்க்கில் பாடிக்கொண்டிருந்தவர். 1976 'ப்ரீஸின்' ஆல்பத்தில் குரலும் கிடாரும் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்றால் அதற்கு அந்தக் குரல் காரணம். நமக்கு இருப்பது ஒன்றரை ஆக்டேவ் (ஸ்தாயி), கிடாரில் கிட்டத்தட்ட நாலு. குரலை நம்பினால் அந்த ஒன்றரைக்குள்ளேயே செக்கு மாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான். ஜாஸ் கிடார்காரர் வெஸ் மாண்ட்காமரி ஒற்றைச் சுரத்தில் தொடங்கி, ஆக்டேவுக்குப் போய், கடைசியில் பல சுரம் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளாகவே அடுக்குவாரே, அதை எந்த வாயால் பாடுவது?

ஆறாம்_தந்தி: கார்டின் மேல் சுரத்தைப் பாடினால் போதுமே. எட்டவில்லையா, ஒரு ஆக்டேவ் கீழே பாடுங்கள். ஸ்லாம் ஸ்டூவர்ட் 1930களிலேயே பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வில்லால் இழுத்துக்கொண்டு ஒரு ஆக்டேவ் மேலே பாடினார். இன்னொரு பேஸ்காரர் மேஜர் ஹாலி பேஸின் அதே ஸ்தாயியிலேயே பாடினார்.

வால்வு_ஆம்ப்: அதெல்லாம் அவரவர் பாணி, பாடம் இல்லை. 1975 கோல்ன் கச்சேரிப் பதிவில் பியானோக்காரர் கீத் ஜாரெட்டின் முனகலையும்தான் கேட்கிறோம். அதைப் பொறுத்துக்கொள்வது பியானோவுக்காக.

வீணைக்காரி: நடுவில் வருகிறேன். வீணை கற்றபோது பாடாமல் வாசிக்கவே விடமாட்டார்கள், ஆனால் பாட்டு முதலில், விரல் அப்புறம். நீங்கள் இரண்டு பேரும் இரண்டும் ஒன்றாக நடப்பதைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். கட்டைவிரல், கிடாரைத் தொடாமல் இரண்டு பார் (தாளச் சுற்று) பாடுங்கள். அப்புறம் அதைத் தந்தியில் தேடுங்கள். தடுமாறினால், இத்தனை நாள் விரல் பழகிய தடத்தில் ஓடியிருக்கிறது, குரல் அதைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறது.

ஆறாம்_தந்தி: இதை மறுக்க முடியவில்லை. நானே அப்படி ஓடியிருக்கிறேன்.

வால்வு_ஆம்ப்: சரி, வீட்டில் செய்யட்டும். மேடையில் வேண்டாம்.

ஆறாம்_தந்தி: ஜாஸ் கிடார்காரர் கர்ட் ரோசன்விங்கல் சட்டையில் மைக் குத்திக்கொண்டு, வேண்டுமென்றே தன் குரலைக் கிடாரோடு கலந்தாரே?

வால்வு_ஆம்ப்: அவருக்குச் சுருதி சேர்ந்தது ஐயா.

கட்டைவிரல்: வீணைக்காரி சொன்னதைச் செய்தேன். பாடியபோது வந்தது நாலே சுரம், நடுவில் ஒரு பெரிய தாவல். தந்தியில் தேடினால் முதல் மூன்று முறையும் தவறான ஃப்ரெட் (விரல் வைக்கும் கட்டம்), விரல் தானாக ஐந்தாம் ஃப்ரெட் பக்கம் பழைய இடத்துக்கே போகிறது. நாலாவது முறை கிடைத்தது. இந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட நான் வாசிக்காத வரி அது. முனகலும் இல்லை, தேடும் மும்முரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.