அப்பச்சிக்கு ஈறில் ரத்தம் வருகிறது, மாத்திரையை நிறுத்தலாமா? அவசரம்

கோவிலூர்ப் பையன்:
அப்பச்சிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயம் தாறுமாறாகத் துடிக்கிற நோய். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார். நேற்றிலிருந்து பல் துலக்கினால் ஈறில் ரத்தம், கையில் அடிபடாமலே நீலம் பாரித்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? டாக்டர் மதுரையில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் பார்ப்பார். ஆத்தா பயந்துபோய் இருக்கிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

கல்லல் குமார்:
எந்த மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? வயசு என்ன?

பட்டாலை:
"ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை" என்று ஒரு மாத்திரை கிடையாது தம்பி. நாலைந்து வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதக்கூட முடியாதா? கடைசி ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) எவ்வளவு, கூட என்னென்ன போடுகிறார், எல்லாம் வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் இதயத்தில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம், பக்கவாதம் வரலாம்.

இயற்கைவழி:
காரணம் பூண்டுதான். நம் பக்கம் பூண்டுக்குழம்பு வாரத்தில் மூன்று நாள் வைக்கிறோம், பூண்டும் ரத்தத்தை இளக்கும். அதை நிறுத்துங்கள், தானே சரியாகும்.

கல்லல் குமார்:
அப்பச்சி பூண்டுக்குழம்பு சாப்பிடுவது நேற்றுதான் ஆரம்பமா என்ன?

பள்ளத்தூர் ஆச்சி:
முருங்கைக்கீரை ஒரு கிண்ணம் நிறையக் கொடுங்க, ரத்தம் நின்றுவிடும். எங்க ஐயாவுக்குக் கீரையே கூடாது என்றார்கள், கீரை மாத்திரைக்கு எதிராம். அப்ப ரத்தம் வந்தால் கீரைதானே மருந்து?

தேவகோட்டை மருந்துக்கடை:
ஆச்சி, அப்படி வேண்டாம். கீரையில் இருக்கும் வைட்டமின் கே, அசிட்ரோம், வார்ஃபாரின் மாதிரி மாத்திரைகளுக்கு எதிராக வேலை செய்வது உண்மைதான். ஆனால் ஒரு நாள் கிண்ணம் நிறைய, மறுநாள் ஒன்றுமே இல்லை என்றால் ஐ.என்.ஆர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வழக்கமாகச் சாப்பிடும் அளவை ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் போதும், அடியோடு நிறுத்தவும் வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
அப்ப வெண்டைக்காய் மண்டியும் கணக்கில் வருமா? நாங்க மொச்சை சேர்த்துத்தான் வைப்போம்.

இயற்கைவழி:
மண்டியில் மொச்சையா? அரிசி களைந்த தண்ணியும் புளியும் போதும். மொச்சை போட்டால் அது குழம்பு ஆச்சி, மண்டி இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
எங்க வளவில் மூணு தலைமுறையா அப்படித்தான். நீங்க எந்த ஊர்?

கல்லல் குமார்:
மண்டிச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். பையா, பேசாமல் புது மாத்திரைக்கு மாற்றச் சொல்லுங்கள். என் மாமனார் அபிக்சபான் போடுகிறார். ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர் பார்க்கும் தொல்லையே இல்லை.

பட்டாலை:
உங்கள் மாமனாருக்குச் சரி. வாதக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கும், உலோக வால்வு வைத்தவருக்கும் வார்ஃபாரின் மாதிரிப் பழைய வகை மாத்திரைதான். 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் வாத வால்வு நோயாளிகளுக்கு ரிவராக்சபான் என்ற புது மாத்திரையைவிடப் பழையதே நல்ல பலன் கொடுத்தது. வால்வு எப்படி என்று கேட்காமல் மாத்திரை மாற்றச் சொல்லக் கூடாது.

கோவிலூர்ப் பையன்:
மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. வயது 68. அசிட்ரோம் 2 மி.கி. சின்ன வயதுக் காய்ச்சலில் வால்வு சுருங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன மாசம் ஐ.என்.ஆர் 2.4. வேறு மருந்து எதுவும் இல்லை. ஈறு வீங்கியிருந்ததால் பல் டாக்டரிடம் காட்டியாச்சு, அது தனி.

தேவகோட்டை மருந்துக்கடை:
தனி இல்லை. பல் டாக்டர் என்ன கொடுத்தார்?

கோவிலூர்ப் பையன்:
மெட்ரோனிடசோல் என்று ஒரு ஆன்டிபயாடிக், அப்புறம் ஒரு வலி மாத்திரை. நாலு நாளாகப் போடுகிறார். இதய மாத்திரை பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

தேவகோட்டை மருந்துக்கடை:
அநேகமாகக் காரணம் இதுதான். மெட்ரோனிடசோல், அசிட்ரோமை உடம்பு சீக்கிரம் கழிக்க விடாது, ஐ.என்.ஆர் ஏறிவிடும். இவருக்கு 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டியது. வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் வகை என்றால் வயிற்றிலும் ரத்தம் கசியலாம். திங்கள் வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ஐ.என்.ஆர் பாருங்கள். பல் மாத்திரையின் அடுத்த வேளைக்கு முன்னால் மதுரைக்குப் போன் போட்டுப் பேசுங்கள். இன்றிரவு அசிட்ரோம் போடலாமா என்பதையும் அவர்களே சொல்லட்டும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ, ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கித் தலை அடிபட்டாலோ போன் பேசிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

பட்டாலை:
நான் முதலிலேயே கேட்டேன், கூட என்னென்ன போடுகிறார் என்று.

இயற்கைவழி:
பூண்டையும் குறைத்து வையுங்கள்.

கோவிலூர்ப் பையன்:
ஐ.என்.ஆர் 5.8. காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் காட்டினோம். மதுரை டாக்டரிடம் போனில் கேட்டு அசிட்ரோமை இரண்டு வேளை நிறுத்தியிருக்கிறார்கள், பல் மருந்தை மாற்றிவிட்டார்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். செவ்வாய்க்கிழமை மறுபடி டெஸ்ட். நன்றி, ஆத்தா கூப்பிடுகிறார்கள்.

கல்லல் குமார்:
செவ்வாய் எவ்வளவு வந்தது?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, அப்பச்சி எப்படி இருக்கார்? ஒரு வரி போடக்கூடாதா?

பட்டாலை:
வலி மாத்திரையின் பெயரைக் கடைசி வரை சொல்லவில்லை.