ரோசியின் வயிற்றை வெட்டிய இரவு

(சிலந்தி வளர்ப்பவர்களின் குழுவில் எழுதியவை. ஒவ்வொன்றின் மேலேயும் எழுதியவரின் ஊர்.)

வெள்ளவத்தை

வளர்த்த டரன்டுலா (மயிர் நிறைந்த பெரிய சிலந்தி) செத்தபின் அதைப் பதப்படுத்தி வைத்தவர்கள் இருக்கிறீர்களா என்று போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். முதல் தடவை சிலந்தி அழுகிப் போனது. இரண்டாவது, ரோசி, இப்போதும் என் மேசைக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. முதலாவதின் வயிற்றை நான் வெட்டவில்லை, இரண்டாவதின் வயிற்றை வெட்டினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலாவது ஆண். ஆண் டரன்டுலாக்கள் கடைசியாகப் பழைய மேலோட்டுச் சட்டையைக் கழற்றிப் பருவத்துக்கு வந்தபின் அதிக காலம் இருப்பதில்லை. அது செத்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. அலுமாரிக்குப் பின்னால் கிடக்கும் கரப்பான் தானாகக் காய்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன், இதுவும் அப்படித்தான் காயும் என்று நினைத்தேன். ரெஜிஃபோம் (தெர்மோகோல்) துண்டில் வைத்து, கால்களை ஊசியால் பிடித்து, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை. துவைத்த உடுப்பே இரண்டு நாளாகியும் காயாத காலம். மூன்றாம் நாள் மணம் வந்தது. ஐந்தாம் நாள் வயிறு கறுத்து உள்ளே அமுங்கிவிட்டது, கால் மூட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம். மாடி வீட்டில் புதைக்க மண் ஏது? மொட்டை மாடியில் இருந்த கற்றாழைச் சட்டிக்குள் புதைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வாசித்து விளங்கிக்கொண்டேன். சிலந்தியின் கால்களும் முன்னுடலும் கெட்டியான ஓடு, உள்ளே சதை கொஞ்சம்தான், அவை பெரும்பாலும் தாமாகக் காய்ந்துவிடும். வயிறு அப்படியில்லை. மெல்லிய தோல் பை. குடல், இதயம், நூல் சுரப்பிகள், பெண்ணென்றால் முட்டைகள், எல்லாம் ஈரத்தோடு அதற்குள்தான். வறண்ட ஊரில் என்றால் சின்னச் சிலந்தி தப்பலாம். கொழும்புக் காற்றில் அது காய்வதற்கு முன் அழுகிவிடும்.

ரோசி சிலி நாட்டு ரோசா இனத்துப் பெண். பெண்கள் 20 ஆண்டுவரைகூட இருக்கும் இனம். எங்கள் மாடியில் இருந்த அண்ணா ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது என்னிடம் ஒப்படைத்தது, வரும்போதே வயதானதுதான். ஒரு காலை பார்த்தால் கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் மடிந்து கிடந்தன, மூடிய கை மாதிரி. சிலந்தியின் காலில் மடக்கும் தசை உண்டு, ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டும் தசை கிடையாது. உடம்புத் திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது. உயிர் போனதும் அந்த அழுத்தமும் போய்விடுகிறது, கால்கள் தாமாக உள்ளே சுருண்டுகொள்கின்றன.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. ஒரு பகல் முழுக்க அப்படியே விட்டு, மெல்லிய தூரிகையால் இடைக்கிடை தொட்டுப் பார்த்தேன். அசைவில்லை. சிறிய டப்பாவில் போட்டு, அதை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து, ஒரு இரவு உறைபெட்டியில் வைத்தேன். உண்ணி ஏதும் ஒட்டியிருந்தால் செத்துப் போகும், நமக்கும் மனதில் சந்தேகம் இருக்காது.

அடுத்த நாள் இரவு எல்லோரும் படுத்தபின் குசினி மேசையில் பத்திரிகை விரித்து உட்கார்ந்தேன். கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் போட்டேன். தென் அமெரிக்க டரன்டுலாக்களின் வயிற்றில் அரிக்கும் மயிர் இருக்கிறது. சிலந்தி செத்தாலும் அந்த மயிர் சாகாது. கண்ணுக்குள் போனால் பெரிய உபாதை, இதில் விளையாடக் கூடாது. பாமசியில் வாங்கிய சத்திரசிகிச்சை பிளேடு, கூரான இடுக்கி, காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட், புறக்கோட்டையில் வாங்கிய தலை வைத்த ஊசிகள். சாமான் இவ்வளவுதான்.

மல்லாக்கத் திருப்பினேன். வயிற்றின் அடிப்பக்கம் மேலே நான்கு வெளிறிய திட்டுகள் தெரிந்தன, அவைதான் சிலந்தி மூச்சு விடும் புத்தக நுரையீரல்கள். அவ்வளவு நாள் வளர்த்தும் அவற்றை நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. அப்புறம் அந்தத் திட்டுகளுக்குக் கீழே தொடங்கி நூல் விடும் காம்புகளுக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரே கீறல், இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. உள்ளே இருந்தது அரைத்த உழுந்து மா மாதிரி, சாம்பலும் மண்ணிறமும் கலந்த குழம்பு. இடுக்கியால் இழுக்காமல் பஞ்சுக் குச்சியால் உருட்டி உருட்டி எடுத்தேன். இழுத்தால் தோல் கிழியும். பதினைந்து குச்சி போயிருக்கும். கடைசிக் குச்சி சுத்தமாக வந்தபின் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உள்ளே துடைத்தேன்.

பிறகு உலர்ந்த பஞ்சு. இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். நிறைய அடைத்தால் தோல் பலூன் மாதிரி இழுபட்டு மயிருக்கிடையில் வெறும் தோல் தெரியும். உயிரோடு இருந்தபோது எவ்வளவு இருந்ததோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். கீறலைத் தைக்கத் தேவையில்லை, இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒரு துளி வெள்ளைப் பசை போதும். அடிப்பக்கம்தானே, வெளியில் தெரியாது.

கால்களை வைப்பதற்கு என் தொலைபேசியில் இருந்த பழைய படங்களைப் பார்த்தேன். ரோசிக்கு ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீர் வைக்கும் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும்போது இடது முன்காலை மூடியின் விளிம்பில் தூக்கி வைத்திருக்கும். அந்த மூடியையே ரெஜிஃபோமில் வைத்து, அந்தக் காலை அதே மாதிரி தூக்கி வைத்தேன். ஊசியைக் காலுக்குள் குத்தக் கூடாது. காலின் இரண்டு பக்கமும் சாய்த்துக் குத்தி, கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே பிடிக்க வைக்க வேண்டும். அன்று படுக்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது.

காய வைத்தது அலுமாரிக்கு மேலே இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல்லோடு. நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், சூடாக்கினால் திரும்ப நீலமாகும். முதல் வாரத்தில் மூன்று தடவை மாற்றினேன். நான்கு வாரம் கழித்து ஊசிகளை எடுத்தேன். கால் அப்படியே மூடியில் நின்றது.

கொட்டாஞ்சேனை

அண்ணா, உறைபெட்டியைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். ஒரு இரவு என்றால் சரி, அதற்கு மேல் விட்டுவிடாதீர்கள். என் சிலந்தி செத்தது 2022 மார்ச்சில். வேலை முடித்து ஆறுதலாகச் செய்வோம் என்று உள்ளே வைத்தேன். அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உருகி, உறைந்து, திரும்ப உருகி. எடுத்துப் பார்த்தபோது வயிற்று மயிர் பஞ்சோடு பஞ்சாகக் கழன்று வந்தது. தோலைக் காப்பாற்ற முடியவில்லை. நாலு வருடம் என் அறையில் இருந்த சீவன், அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

முன்னுடலையும் நச்சுப் பற்களையும் மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறேன். பற்கள் கரும்பளிங்கு மாதிரி மினுங்கும்.

அதற்குப் பிறகு வந்த சிலந்திக்கு நான் காய வைக்கும் வழிக்கே போகவில்லை. போத்தலில் 70 வீத அல்ககோல். நூதனசாலைகளில் சிலந்திகளை வைப்பதும் அப்படித்தான். செறிவு கூடினால் உடம்பு விறைத்து முறியும், குறைந்தால் அழுகும். விவரச் சீட்டைப் பென்சிலில் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். நிறம் மங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மழையும் எறும்பும் ஒன்றும் செய்யாது. மூடி வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாவதால் இடைக்கிடை நிரப்ப வேண்டும்.

தெஹிவளை

சாகும்வரை காத்திருக்கவே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். டரன்டுலா சட்டை கழற்றும்போது நச்சுப் பல்லின் உறை முதற்கொண்டு கால் நுனி வரை முழு உருவத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. அழுக எதுவும் இல்லை, வெட்டவும் தேவையில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டு அரை மணித்தியாலம் ஊற வைத்தால் இளகிவிடும். பிறகு ரெஜிஃபோமில் விரித்துக் காய வைக்கலாம். வயிற்றுத் தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கும், அதை ஈரத் தூரிகையால் பொறுமையாக விரியுங்கள். அதன் உட்புறத்தைப் பார்த்துத்தான் எங்களுடையது பெண் என்று கண்டுபிடித்தோம். பெண் சிலந்தி விந்தைச் சேமிக்கும் பையின் அச்சும் சட்டையோடு கழன்று வரும்.

எங்களிடம் ஒரே சிலந்தியின் ஒன்பது சட்டைகள் இருக்கின்றன, சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக ஒரே பிரேமில். முதலாவது என் மகனின் சின்ன விரல் நகம் அளவு. கடைசி என் உள்ளங்கையை மூடும்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற என் மாமா ஒரு காலை, "பிள்ளை, உன்ர சிலந்தி மல்லாந்து செத்துக் கிடக்குது" என்று சொல்லிப் பெட்டியோடு குப்பைக்கு எடுத்துப் போய்விட்டார். ஓடிப் போய் மறித்தேன். சட்டை கழற்றத்தான் மல்லாந்து படுத்திருந்தது. கால்கள் விரிந்து இருந்தன, சுருளவில்லை. மல்லாந்து கிடந்தால் ஒரு நாளாவது தொடாமல் விடுங்கள். அந்த நேரம் உறைபெட்டியில் வைத்தால் உயிருள்ளதைக் கொன்றவர்கள் ஆகிவிடுவோம்.

வத்தளை

காய வைத்தவர்கள் பிரேமின் அடியைப் பாருங்கள். மண்ணிறத் தூள் கிடந்தால் வண்டுப் புழு வந்துவிட்டது என்று அர்த்தம். நூதனசாலை வண்டு என்று சொல்வார்கள், காய்ந்த உடம்பை உள்ளிருந்து தின்னும். என்னுடையதில் வெளியில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு நாள் தொட்டதும் கால் மூன்று கழன்று விழுந்தது. முழுப் பிரேமையும் பொலித்தீனில் சுற்றி ஒரு வாரம் உறைய வைத்தேன், கால்களை சுப்பர் குளூவால் ஒட்டினேன். இப்போது மூலையில் நாப்தலின் வைத்து, கண்ணாடிக் கடையில் சொல்லி ஓரத்தைச் சிலிக்கோனால் அடைத்திருக்கிறேன். யன்னல் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், நிறம் போய்விடும்.

ஒரு கேள்வி. வன்னியில் எங்கள் காணியில் புலிமுகச் சிலந்தி, நம் ஊர் டரன்டுலா, இருக்கிறது. அதைப் பிடித்துப் பதப்படுத்தலாமா?

வெள்ளவத்தை

தயவுசெய்து பிடிக்காதீர்கள் அண்ணா. சிங்களத்தில் திவி மகுளுவா என்று சொல்வதும் அதே சாதிதான். அதில் சில இனங்கள் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. பழைய மரப் பொந்துகளில் இருப்பவை, மரம் போனால் அவையும் போய்விடும். 2019இல் இலங்கையும் சேர்ந்து கேட்டுத்தான் அந்தப் பேரினம் முழுவதும் அழியும் ஆபத்துள்ள உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வளர்த்தது செத்தபின் வைத்திருப்பது வேறு, சுவரில் மாட்டுவதற்காக ஒன்றைக் கொல்வது வேறு. எனக்கு அதில் இரண்டாம் யோசனையே இல்லை.

செத்துக் கிடந்ததைக் கண்டெடுத்தாலும் முதலில் படம் எடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள். 2009இல் மாங்குளம் பக்கத்தில் ஊரவர்கள் கொண்டுவந்து கொடுத்த ஒரு செத்த ஆண் சிலந்தியில்தான் இந்தச் சாதியின் புதிய இனம் ஒன்றுக்கான ஆராய்ச்சியாளர்களின் தேடல் தொடங்கியது. முகத்தளவு சிலந்தி என்று 2013இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதியது அதைத்தான். அன்றைக்கு அந்த உடம்பைத் தூக்கி எறிந்திருந்தால் அந்தத் தேடலே தொடங்கியிருக்காது.

நீங்கள் தூளைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ரோசியின் பெட்டியை இறக்கி வெள்ளைக் கடதாசியில் வைத்து மெல்லத் தட்டிப் பார்த்தேன். தூள் இல்லை. ஜெல் மட்டும் இளஞ்சிவப்பாகியிருந்தது, மாற்றி வைத்துவிட்டேன்.