சொந்த சி நிரலகமா, நியூலிப்பா?

அல்சூர்வாசி:
பெங்களூரில் ஞாயிறுதோறும் கூடி நாம் எழுதிவரும் சிறிய இயங்குதளம் 256 கிலோபைட் நினைவகமுள்ள போர்டில் ஓட வேண்டியிருப்பதால், அதற்கான சி நிரலகத்தை (சி மொழி நிரல்கள் அழைக்கும் பொதுவான ஃபங்ஷன்களின் தொகுப்பை) நாமே எழுதலாம் என்று முன்மொழிகிறேன். ஏற்கெனவே கிடைக்கும் சி நிரலகங்களில் மசல் அளவில் சிறியதுதான். ஆனால் அது லினக்ஸின் சிஸ்டம் கால்களை, அதாவது நிரல்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை, நம்பி எழுதப்பட்டது. அதைக் கொண்டுவந்தால் நம் கெர்னலை லினக்ஸின் சாயலுக்கு வளைக்க நேரும்.

ஒயிட்ஃபீல்டு_07:
மசல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. சிறு கருவிகளுக்கான சி நிரலகமான நியூலிப் நம்மிடம் கேட்பது ரீட் (படிக்க), ரைட் (எழுத), எஸ்பிரேக் (கூடுதல் நினைவகம் பெற) முதலிய இருபதுக்கும் குறைவான கீழ்நிலை ஃபங்ஷன்களைத்தான். எழுத்துகளையும் எண்களையும் வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப்பை எழுதுவது எளிது என்று எண்ணிவிடாதீர்கள், நண்பரே. தசம எண்களுக்கான டபுள் வகையில் உள்ள எண் ஒன்றின் துல்லியமான தசம வடிவம் புள்ளிக்குப் பின் 1074 இலக்கம் வரை நீளக்கூடும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் சொந்தமாக எழுதிய பிரிண்ட்எஃப், 9.999ஐ இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கி 10.00 என்று தராமல் 9.100 என்று அச்சிட்டது. அந்தப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை.

அல்சூர்வாசி:
நம் நிரல்கள் எதிலும் இன்று தசம எண்களே இல்லை. முழு எண்களுக்கென்றே நியூலிப்பில் ஐபிரிண்ட்எஃப் தனியாக இருப்பதும் இதே தேவையால்தான். என் கவலை வேறு. எத்தனை ஃபங்ஷன்கள் இருக்கின்றன என்பதைவிட, ஒன்று எதையெல்லாம் உடன் இழுத்து வருகிறது என்பதே ஒரு நிரலகத்தின் எடையைத் தீர்மானிக்கிறது. தொகுக்கப்பட்ட துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர், ஒவ்வொரு துண்டையும், அதாவது ஆப்ஜெக்ட் கோப்பையும், முழுதாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம் என்பதால், ஒரு கோப்புக்கு ஒரு ஃபங்ஷன் என்று பிரித்தால் வேண்டியது மட்டும் வரும். நியூலிப்பிலோ ஒரு வரி அச்சிட்டாலே இடையகத்துக்காக (எழுத்துகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடத்துக்காக), நினைவகம் ஒதுக்கும் மாலக்கும் உள்ளே வந்துவிடுகிறது. போதாததற்கு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடருக்கும்) நிரலகத்தின் நிலையைக் குறித்துவைக்கும் ரீஎன்ட் என்ற தனி ஸ்ட்ரக்சரைச் சுமக்க வேண்டும்.

ஜெயநகர்_சி:
எந்த வழியானாலும் நினைவகத்தை நகலெடுக்க, நகர்த்த, நிரப்ப, ஒப்பிட உதவும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் ஆகிய நான்கையும் முதலில் முடியுங்கள். நிரலகமே இல்லாத சூழலிலும் நம் கம்பைலரான ஜிசிசி இவற்றை எதிர்பார்க்கிறது.

ஒயிட்ஃபீல்டு_07:
அந்த நான்கையும், எழுத்துச் சரங்களைக் கையாளும் ஃபங்ஷன்களையும், முழு எண் பிரிண்ட்எஃப்பையும் நீங்களே எழுதுங்கள்; மாலக் பற்றிய உங்கள் வாதம் சரியானது. ஆனால் அடுத்து வெப்பநிலை உணரியை இணைக்கப்போகிறோம், அன்றைக்குத் தசம எண்கள் வந்தே தீரும். எழுத்துகளில் உள்ள எண்ணை டபுளாக மாற்றும் எஸ்டிஆர்டுடியையும் கணித ஃபங்ஷன்களையும் நியூலிப்பிலிருந்தே எடுக்க வேண்டும். அவற்றைப் புதிதாக எழுதி அனுப்பினால் நான் ஒப்புதல் தர மாட்டேன்.